ஏழாம் மேசையில் ஒரு 'டங்கே'

ஏழாம் மேசை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியாது.

எண் மட்டும் தெரியும். குசினிச் சுவரில் வெட்டிய சிறு ஜன்னலால் துண்டு வரும். 'ஏழு: இரண்டு அப்பிள், ஒன்று பன்றி' என்று அதில் எழுதியிருக்கும். நான் மூன்று தாச்சிகளை அடுப்பில் வைப்பேன். ஊற்றுவேன், பிரட்டுவேன், தட்டில் சரிப்பேன், மணியைத் தட்டுவேன். போன தட்டு கொஞ்ச நேரத்தில் வெறும் தட்டாகத் திரும்பி வரும். இடையில் அது எங்கே போய் வந்தது என்பது என் கவலை அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாளி அம்மா கிஸேலா குசினிக்குள் வந்தார். ஷெஃபின் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம்.

"ஏப்ரனைக் கழற்று, யோகன். இன்றைக்கு நீ விருந்தாளி."

வாரக்கடைசியில் உதவிக்கு வரும் மற்றச் சமையல்காரரிடம் என் கரண்டியைப் பறித்துக் கொடுத்தார். பின்கதவால் என்னை வெளியே கூட்டிப் போய், வீதியைச் சுற்றி, முன்கதவால் உள்ளே கொண்டுவந்தார். ஏழாம் மேசையில் உட்கார வைத்து, தானும் எதிரில் உட்கார்ந்தார்.

அது ஜன்னலோர மேசை. வெளியே ஆற்றுக்கு மேலே தொங்குரயில் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இத்தனை வருடம் அந்த ரயிலில் வேலைக்கு வந்து போனவன் நான். அதைக் கதிரையில் சாய்ந்திருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுத் தோசைக்கடை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் அகதி விடுதிக் கதை எழுதியதைப் படித்துவிட்டு டோர்ட்முண்டிலிருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "அண்ணை, எல்லாத்தையும் எழுதுறியள். என்ன கடையில வேலை செய்தனீங்கள் எண்டதை மட்டும் ஒளிச்சுப்போட்டியள்" என்று குறைப்பட்டார்.

ஒளிக்கவில்லை அக்கா. பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும், அவ்வளவுதான். அது ஒரு பன்கூகன் கடை. மாவும் பாலும் முட்டையும் அடித்து, வாயகன்ற தாச்சியில் ஊற்றிச் சுடுவதுதான் பன்கூகன். தட்டு முழுவதையும் மூடிக்கொண்டு வரும். அப்பிள் போட்டுச் சுட்டால் இனிப்பு, உப்பிட்ட பன்றி இறைச்சி போட்டுச் சுட்டால் உறைப்பில்லாத உப்பு. சீனிக் கிழங்கைக் காய்ச்சி எடுத்த கறுப்புப் பாணியை மேலே ஊற்றித் தின்பது இந்தப் பக்கத்து ஆட்களின் வழக்கம்.

ஞாயிறு காலை என்றால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பிள்ளைகளுக்கு நிறப் பென்சிலும் மேசைக் காகிதமும் கொடுப்போம். காலைச் சாப்பாடு பிற்பகல் வரை நீளும். மூன்று மணிக்குக் கடை பூட்டு.

என் மனைவி வதனிதான் அதற்குத் 'தோசைக்கடை' என்று பெயர் வைத்தாள். காரணம் இருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என்னை முதல் முறை அடுப்பில் நிற்க விட்ட நாளன்று, நான் மாவை நடுவில் ஊற்றி, கரண்டியின் அடியால் வட்டமாக இழுத்துவிட்டேன். கிஸேலா ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தேய்க்காதே! தாச்சியைச் சாய். மா தானாக ஓடட்டும்."

கை கேட்கவில்லை. ஒரு கிழமையாக நான் ஊற்றியதெல்லாம் தோசையாகவே வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் அசந்தால் கரண்டி வட்டம் போடப் பார்க்கும்.

திரும்பி வரும் தட்டுகள்

பாத்திரம் கழுவிய காலத்தில் எனக்கு ஜெர்மன் மொழி வாயில் வராது. ஆனால் தட்டுகள் சொல்வது விளங்கும். அப்பிளை மட்டும் நோண்டித் தின்றது பிள்ளை. பாணியை விரலால் வழித்தெடுத்தது வயதான ஆள். ஒரு வாய் மட்டும் குறைந்து, மிச்சம் அப்படியே திரும்பி வந்தால் அந்த மேசையில் சண்டை.

அந்தப் பாஷைக்கு ஒரு இலக்கணமும் உண்டு. சாப்பிட்டு முடித்தவர்கள் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தட்டில் படுக்க வைப்பார்கள். முடிக்காதவர்கள் ஆளுக்கொரு பக்கமாக விட்டு வைப்பார்கள். இங்கே பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நாங்கள் கையால் சாப்பிடுகிற ஆட்கள், பார்த்துத்தான் படித்தோம்.

நான் அடுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள், புதிதாக வந்த பரிமாறும் பெண், கழிவறைக்கு எழுந்து போன ஒரு மனிதரின் பாதித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கிஸேலா என்னைக் கொண்டு புதிதாக ஒன்று சுடுவித்து, தானே கொண்டுபோய் வைத்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் குசினிக்குள் கூட்டி வைத்து ஏசினார். கத்தியும் முள்ளும் சேர்ந்து படுக்காத தட்டைத் தொடுகிறவருக்கு இந்தக் கடையில் வேலை இல்லை என்றார்.

சின்ன விஷயத்துக்கு இந்த மனுசி ஏன் இப்படித் துள்ளுகிறா என்று அன்றைக்கு நான் மனதுக்குள் சிரித்தேன்.

யாரும் கேட்காத கேள்வி

ஏழாம் மேசைக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் அப்பிள் பன்கூகன் வந்தது. ஓரம் கொஞ்சம் கூடச் சிவந்திருந்தது. சமையல்காரப் புத்தி முதலில் அதைத்தான் பார்த்தது. பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பெண் பச்சைக் குதிரை ஒன்று கீறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அவளுக்கு வெட்டிக் கொடுத்து முடித்துவிட்டு, ஆறிப்போன தன்னுடையதைச் சாப்பிட்டார். இத்தனை வருடமாக நான் சுட்டதை இப்படித்தான் தின்றிருக்கிறார்கள் என்று நினைக்கச் சந்தோஷமாக இருந்தது. கூச்சமாகவும் இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாதி சாப்பிட்டிருப்பேன். கிஸேலா தன் கோப்பியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"யோகன், என் முழங்கால் இரண்டும் முடிந்துவிட்டன. இந்த வருடத்தோடு நான் நிறுத்துகிறேன். பந்தயக்கடை போடுகிற ஒருவர் இந்த இடத்தைக் கேட்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறார். அதற்கு முதல் உன்னிடம் கேட்க வேண்டும். இந்தக் கடையை எடுத்து நடத்த விரும்புகிறாயா?"

கையிலிருந்த முள்ளுக்கரண்டி தட்டின் ஒரு பக்கமும் கத்தி மறுபக்கமுமாக இறங்கின. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு அவரையே பார்த்தேன்.

கடை கிடைக்கப் போகிறது என்பதால் மட்டும் அல்ல. அவர் கேட்ட சொல்லால். 'யோகன், வெங்காயம் வெட்டு', 'யோகன், இன்னும் நாலு' என்று பத்தொன்பது வருடம் அவர் சொல்லியிருக்கிறார். புகை இழுக்கும் காற்றாடி இரைச்சலில் கேட்க வேண்டும் என்பதற்காக நானும் 'யா!' என்று கத்தியிருக்கிறேன். 'யா' என்றால் ஆம். அது வேலைக்குச் சொன்ன பதில். என் விருப்பத்தை அவர் கேட்டதில்லை. அவர் மட்டுமா? இந்த நாட்டுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார்கள், என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள், விசா எப்போது முடிகிறது என்று கேட்டார்கள். என்ன விருப்பம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"டங்கே" என்றேன். நன்றி. "டங்கே, ஷெஃபின். டங்கே."

தலை தன்பாட்டில் இரண்டு பக்கமும் ஆடியது. அவ்வளவு சந்தோஷம். அதோடு நின்றிருக்கலாம். "எனக்கெங்கே, ஷெஃபின்... அவ்வளவு பெரிய விஷயம்..." என்று வேறு ஜெர்மனில் இழுத்தேன். கண் கலங்கிவிட்டது.

கிஸேலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல "ஷாடே" என்றார். கவலையான விஷயம் என்று அர்த்தம். பாவம், கடையை விட்டுப் போகிற கவலை என்று நினைத்தேன். ஆறுதலாக நானும் "யா, ஷாடே" என்றேன்.

பரிமாறுகிற மார்ட்டா வந்து என் தட்டுக்குக் கை நீட்டினாள். கிஸேலா உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார். எனக்கு மரியாதை செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மிச்சத்தைச் சாப்பிடத் தோன்றவில்லை. எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

தொங்குரயிலில் உட்கார்ந்து வீடு வரும் வழியெல்லாம் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டே வந்தேன்.

கேக்கை மூடிய கதை

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாவிட்டால் என் முட்டாள்தனம் உங்களுக்கு முழுதாக விளங்காது.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில், மேல்வீட்டு ஜெர்மன் அம்மா எங்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டார். மேசையில் செரிப் பழம் வைத்த கேக், அப்போதுதான் அடுப்பால் இறங்கியது. "ஒரு துண்டு வெட்டட்டுமா?" என்றார். நாங்கள் முறையான குடும்பத்துப் பிள்ளைகள் அல்லவா? வதனியும் நானும் ஒரே நேரத்தில் "வேண்டாம், வேண்டாம்" என்றோம். எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் வணக்கம் சொல்வது மாதிரி. இரண்டாவது வேண்டாமுக்குக் குரல் இறங்கும். மூன்றாம் தரம் கேட்கும்போது 'சரி, ஒரு சின்னத் துண்டு' என்று கையை நீட்டுவோம். ஆசைப்பட்ட மாதிரியும் இருக்காது, வயிறும் நிறையும்.

அந்த அம்மா "அப்படியா" என்று சொல்லி, கேக்கை மூடியால் மூடிவிட்டார். வாசனையோடு வீடு திரும்பினோம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அவர் கஞ்சத்தனத்தால் மூடவில்லை. வேண்டாம் என்கிறவரை வற்புறுத்துவது இங்கே மரியாதைக் குறைவு. எங்களிடம் வற்புறுத்தாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு. இரண்டு மரியாதைக்கும் நடுவில் ஒரு கேக் ஆறிப்போனது. இதை அன்றைக்கே படித்திருக்க வேண்டியவன் நான்.

"அதுக்கு மட்டும் யா எண்டனீங்களோ?"

வதனி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறாள். அன்றைக்குக் காலை வேலை முடித்து மூன்றரைக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்ற விடாமல் வாசலில் வைத்தே நடந்ததைச் சொன்னேன்.

"கடவுளே! உண்மையோப்பா?" என்று வாசற்படியிலேயே குந்தினாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"டங்கே எண்டன்."

அவளுடைய முகம் மாறியது. "டங்கே எண்டு மட்டுமோ?"

"மூண்டு நாலு தரம் சொன்னன்."

"தலையையும் ஆட்டினனீங்களோ?"

"ஓம், ஆட்டினதுதான்."

"ஐயோ, இந்த மனுசனை நான் என்ன செய்ய! ஒண்டைத் தாறன், வேணுமோ எண்டு கேக்கேக்க டங்கே எண்டு மட்டும் சொன்னா, இவங்களுக்கு அது வேண்டாம் எண்டெல்லோ அர்த்தம்! எங்கட இல்லத்தில ஒரு கிழவி தேத்தண்ணிக்கு டங்கே எண்டு சொல்ல, நான் ஊத்திப்போட்டு வாங்கின பேச்சு உங்களுக்குச் சொன்னனான்தானே? நீங்கள் அதோட தலையையும் இல்லை எண்டு ஆட்டியிருக்கிறியள்."

"நான் ஓம் எண்டெல்லோ ஆட்டினனான்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவவுக்குத் தெரியுமோ? பிறகு அவ என்ன சொன்னவ?"

"ஷாடே எண்டா."

"நீங்கள்?"

எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. "யா, ஷாடே எண்டன்."

வதனி என்னை அண்ணாந்து பார்த்தாள். "அதுக்கு மட்டும் யா எண்டனீங்களோ?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அவளுடைய அம்மா சொல்வதைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை என் கையில் வைத்தாள். எடுத்துப் பார்த்தேன், மணி போகவில்லை. ஞாயிறு பிற்பகலில் கிஸேலா தொலைபேசியை நிறுத்தி வைப்பார். கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்திருக்கிறோம், வீட்டு விலாசம் தெரியாது. அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் திங்கள், கடைக்கு ஓய்வு நாள். ஆனால் கிஸேலா காலையில் வந்து பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவார். பந்தயக்கடைக்காரர் பத்து மணிக்கு வருவார். அதற்கு முதல் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

திங்கட்கிழமை

காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் நின்று, 'ஆம், விரும்புகிறேன்' என்பதை ஜெர்மனில் பாடமாக்கினேன். "யா, இஷ் வில்."

பின்னால் நின்ற வதனி தலையில் அடித்துக்கொண்டாள். "அது கலியாணத்தில மாப்பிள்ளை சொல்லுறதப்பா! யா எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. தலையைத் தொடாதேங்கோ, அது தன்பாட்டில இருக்கட்டும்."

ரயிலில் எல்லாம் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனேன். என் அடுப்பிருக்கும் இடத்தில் நாளைக்குப் பந்தயச் சீட்டுக் கிழிப்பார்கள். ஐம்பது தாண்டியவனை வேறு எந்தக் குசினி எடுக்கும்? அதைவிட ஒரு நினைப்பு அரித்தது. 'நான் கேட்டேன், அவன் வேண்டாம் என்றுவிட்டான்' என்று அந்த மனுசி கடைசிவரை நினைத்துக்கொண்டிருப்பார். அவர் நீட்டியதை நான் தட்டிவிட்டேன் என்று நினைப்பார். அது எனக்குத் தாங்கவில்லை.

பின்கதவுச் சாவி சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை. முன்கதவு மணியை அழுத்தினேன்.

கிஸேலா கதவைத் திறந்தார். நேரம் எட்டரை. கதிரைகள் எல்லாம் மேசைகள் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஏழாம் மேசைக்கு மட்டும் இரண்டு கதிரைகள் கீழே இறக்கி வைக்கப்பட்டிருந்தன. கோப்பி வாசம் வந்தது.

வதனி சொன்னதெல்லாம் மறந்துபோய்விட்டது. நின்ற நிலையிலேயே கொட்டினேன். "ஷெஃபின், நேற்று நான் சொன்ன டங்கே வேண்டாம் டங்கே இல்லை. வேணும் டங்கே. நான் தலையாட்டியதும் இல்லை என்று ஆட்டியது அல்ல. பாருங்கள், எங்கள் ஊரில் இது யா." ஆட்டிக் காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்துத் தானும் ஆட்டிப் பார்த்தார். கழுத்து வளையவில்லை. மாடு ஈயை விரட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பத்து மணிக்காரர்?" என்று கேட்டேன்.

"வரமாட்டார். நேற்றுக் கடை பூட்டும்போதே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

"நான்தான் வேண்டாம் என்று சொன்னேனே, ஷெஃபின்?"

கிஸேலா பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு கத்தியையும் ஒரு முள்ளுக்கரண்டியையும் எடுத்தார். ஏழாம் மேசையில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்தார்.

"உன் வாய் வேண்டாம் என்றது. உன் தலையும் வேண்டாம் என்றது. உன் தட்டு இப்படிக் கிடந்தது, யோகன். முடிக்காதவனின் தட்டை நான் எடுக்க மாட்டேன்."

நான் அழுதேன். எழுதுவதற்கு வெட்கமில்லை. கவிழ்த்த கதிரைகளுக்கு நடுவில் நின்று, வளர்ந்த ஆம்பிளை, ஏங்கி ஏங்கி அழுதேன். அவர் கோப்பி ஊற்றும் வரை பார்க்காத மாதிரி இருந்தார்.

பிறகு என்னை உட்காரச் சொன்னார். "கடையை உன் பெயருக்கு எழுதித் தருகிற நொத்தாரிசிடம் போய்க் கத்தியையும் முள்ளையும் காட்ட முடியாது. அங்கே வாயால் சொல்ல வேண்டும். இப்போதே சொல்லிப் பழகு." நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தின நாள் கேட்டதை ஒரு சொல் மாறாமல் திரும்பக் கேட்டார். "இந்தக் கடையை எடுத்து நடத்த விரும்புகிறாயா?"

என் கழுத்து ஆடத் தொடங்கிவிட்டது. இடது கையால் நாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றாடி இரைகிற குசினிக்குள் நின்று கத்துவது போலக் கத்தினேன்.

"யா!"